தினமும் பையில் ஒரு ஃபிலிம் கேமரா: மதுரையில் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோல் போடும் சின்ன கேமரா ஒன்றை அன்றாடம் கூடவே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கான பக்கம் இது. புதிதாகக் கிடைக்கும் மாடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலோர் வாங்கப்போவது முப்பது, நாற்பது வருடம் ஓடிய கேமராவைத்தான். அதனால் லென்ஸின் பேரும் புகழும் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கேமரா ஒழுங்காக ஓடுகிறதா, அதற்கான பேட்டரி ஊரில் கிடைக்குமா, நீங்கள் நடமாடும் நேரத்து வெளிச்சத்துக்கு அது ஒத்துவருமா என்ற மூன்றும் தேறினால்தான் மற்றது.

சுற்றிவளைக்காமல் ஒரு மாடல் பெயர் சொல்ல முடியுமா?

முதன்முதலாக வாங்குபவர் என்றால், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், ஜூம் இல்லாத ஆட்டோஃபோகஸ் கேமரா. நிக்கான் எல்35ஏஎஃப் (1983) அல்லது கேனான் ஏஎஃப்35எம் (1979). இரண்டிலும் எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் துவாரம் பெரிது, ஒளி அதிகம்), நிக்கானில் 35 மி.மீ., கேனானில் 38 மி.மீ. ஐஎஸ்ஓவை, அதாவது ரோல் ஒளியை உணரும் வேக எண்ணை, கையால் திருப்பி வைக்கலாம் என்பது இவற்றில் பெரிய வசதி. ஏன் என்பது கீழே ரோல் பற்றிய பதிலில் வருகிறது. கேனான் ஏஎஃப்35எம் ‘ஆட்டோபாய்’, ‘ஷ்யூர் ஷாட்’ என்ற பெயர்களிலும் விற்றது. அதே பெயர்களில் பின்னாளில் வேறு பல கேமராக்களும் வந்ததால், விளம்பரத் தலைப்பை நம்பாமல் கேமராவின் மேலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்றால் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2 (1980). வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஒரு கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் எதையும் வாங்காதீர்கள், முதலில் அதில் ஒரு ரோல் போடுங்கள்.

‘காம்பேக்ட்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு எடை வரை தினமும் தூக்க முடியும்?

ஒலிம்பஸ் மியூ-2 பேட்டரி இல்லாமல் 135 கிராம். எக்ஸ்ஏ2 சுமார் 200, எக்ஸ்ஏ 225. நிக்கான் எல்35ஏஎஃப் 345 கிராம். ரோலை 35 (Rollei) கேமராவும் ஒலிம்பஸ் ட்ரிப் 35-உம் 400 கிராமை ஒட்டி. கேனானெட் க்யூஎல்17 ஜி3 620 கிராம்.

மதுரை வெயிலில் சட்டைப் பை வியர்வையில் நனைந்துவிடும். 250 கிராமுக்கு மேல் போனால் பை தொங்கவும் ஆரம்பிக்கும். எனவே 250 வரை சட்டைப் பை அல்லது இடுப்புப் பை, 400 வரை தோள் பை. 600 கிராம் கேமராவை முதல் வாரம் ஆசையாகத் தூக்குவோம், மூன்றாம் வாரம் அது வீட்டிலேயே இருக்கும். கேனானெட்டின் எஃப் 1.7 லென்ஸ் உண்மையில் அருமையானது. ஆனால் தினமும் கூடவே வைத்துக்கொள்ள அது சரிவராது.

கழுத்துப் பட்டை வேண்டாம், மணிக்கட்டில் மாட்டும் சின்னக் கயிறு போதும். பேருந்தில் ஏறும்போது தொங்கும் கேமரா கம்பியில் இடித்துத்தான் பெரும்பாலும் உடைகிறது.

எங்கள் ஊர் வெளிச்சத்துக்கு எது தாங்கும்?

தேர்வை முடிவுசெய்யும் கேள்வி இதுதான். கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200 ரோலுக்குத் தேவைப்படுவது எஃப் 16-இல் 1/200 வினாடி. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16-இல் 1/400. பழைய எளிய கேமராக்களில் பலவற்றின் ஷட்டருக்கு (ஒளியைத் திறந்து மூடும் திரை) அந்த வேகம் கிடையாது. ட்ரிப் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தானியங்கி நிலையில் அதற்கு 1/40, 1/200 என்ற இரண்டே வேகம், துவாரம் எஃப் 22 வரை சுருங்கும். ஐஎஸ்ஓ 400 ரோலைப் போட்டுக்கொண்டு மதிய வெயிலில் நடந்தால் அது தன் எல்லையில் போய் நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவர், தண்ணீர் இல்லாத வைகை மணல் என்று எதிரொளிப்பு கூடினால் எல்லையைத் தாண்டிவிடும். 200 போட்டால் கவலையில்லை.

கோடாக் எக்டார் எச்35 இன்னும் எளிமையானது. துவாரம் எஃப் 9.5, ஷட்டர் 1/100, இரண்டும் மாறாது. நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 200 ரோலுக்கு ஏறத்தாழ இரண்டரை ஸ்டாப் அதிக ஒளி விழும் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பு), 400-க்கு மூன்றரை ஸ்டாப். கலர் நெகட்டிவ் மூன்று வரை ஒருமாதிரி தாங்கும், வானமும் வெள்ளை வேட்டியும் மட்டும் வெளுத்துப்போகும். நிழலில் அதே கேமராவில் 400 சரியாக வேலை செய்யும். அதாவது வெயிலில் திரிபவர் இதில் 100 அல்லது 200 போட வேண்டும்.

மறுபக்கம் இரவு. மாசி வீதிகளில் டியூப் லைட் எரியும் கடை ஒன்றின் உள்ளே, ஐஎஸ்ஓ 400 ரோலுடன் எஃப் 2.8 லென்ஸுக்கு ஏறத்தாழ 1/30 வினாடி கிடைக்கும். கையில் பிடித்து எடுத்துவிடலாம். எஃப் 3.5 லென்ஸுக்கு 1/20. மூச்சைப் பிடித்து, முழங்கையை மேசையில் ஊன்றினால் பத்துக்கு ஆறு தேறும். எஃப் 10-க்கு இறங்கிவிடும் ஜூம் லென்ஸுக்கு அரை வினாடிக்குச் சற்றே குறைவு. ஆடிப்போன படம்தான் வரும். அதிகாலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், இரவு டீக்கடை என்று போகிறவர் எஃப் 2.8-ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம். பகலில் மட்டும் எடுப்பவருக்கு எஃப் 3.5 தாராளம்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் ஏறிய தெருவில் கடைத் திண்ணையின் நிழலுக்கும் நடுவீதிக்கும் நான்கைந்து ஸ்டாப் வித்தியாசம். கேமராவின் மீட்டர் (ஒளியை அளக்கும் பகுதி) வீதியைப் பார்த்து முடிவெடுத்தால் திண்ணையில் இருப்பவர் கரிக்கட்டை. ஐஎஸ்ஓவைக் கையால் வைக்கும் கேமராவில் 400 ரோலுக்கு 200 என்று வைத்துவிடுங்கள், நிழலில் முகம் தெரியும்.

வெள்ளைப் பொருள்களை எடுத்தால் படம் மங்கலாக, சாம்பல் பூத்தது போல வருகிறதே?

மல்லிகைக் குவியல், திருமலை நாயக்கர் மஹாலின் வெள்ளைத் தூண்கள் இரண்டிலும் இது நடக்கும். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை நிறைந்த காட்சியில் ஒளியைக் குறைத்துவிடும். நிக்கான் எல்35ஏஎஃப்பில் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் எதிரொளி நெம்புகோலை அழுத்திப் பிடித்தால் இரண்டு ஸ்டாப் கூடும். எக்ஸ்ஏவின் அடியில் இருக்கும் நெம்புகோல் ஒன்றரை ஸ்டாப் கூட்டும். இரண்டும் இல்லாத கேமராவில் அந்தப் படத்துக்கு மட்டும் ஐஎஸ்ஓவைப் பாதியாக வைத்து எடுத்துவிட்டு, மறக்காமல் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள். திருப்ப மறப்பதுதான் இந்த முறையில் நடக்கும் தவறு. மஹால் முற்றத்தில் நின்று தூண்களுக்கு இடையே ஆளை நிறுத்தி எடுப்பவர்களுக்கு இந்த ஒரு நெம்புகோல் ரோலையே காப்பாற்றும்.

ஆட்டோஃபோகஸா, தூரத்தை நாமே வைப்பதா, ரேஞ்ச்ஃபைண்டரா?

ஆட்டோஃபோகஸ் வேகமானது, ஆனால் பழைய அகச்சிவப்பு வகைக்குக் கண்ணாடி எதிரி. பேருந்து ஜன்னல் கண்ணாடி வழியாக யானைமலையை எடுத்தால் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கேமரா ஜன்னலுக்கே ஃபோகஸ் செய்துவிடும். மலைச் சின்னம் போட்ட பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லையென்றால் ஜன்னலைத் திறங்கள்.

இரண்டு பேரை எடுக்கும்போது நடுப்புள்ளி இருவருக்கும் இடையே ஊடுருவிப் பின்சுவரில் விழுவதும் அடிக்கடி நடக்கும். ஒருவர் முகத்தில் புள்ளியை வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தபடியே சட்டகத்தைத் திருப்பி, பிறகு முழுதாக அழுத்த வேண்டும்.

தூரத்தை நாமே வைக்கும் கேமராவில் பழுதாக வேண்டிய பாகங்கள் குறைவு. ட்ரிப் 35-இல் 1, 1.5, 3 மீட்டர், முடிவிலி என்று நான்கு நிலை. எக்ஸ்ஏ2-இல் மூன்று, மூடியை மூடித் திறந்தால் தானாக நடு நிலைக்கு வந்துவிடும், அதனால் தெருவில் எடுத்தவுடன் சுடலாம். பகலில் துவாரம் சுருங்கியிருப்பதால் அரை மீட்டர் தவறினாலும் தெரியாது. இரவில் தெரியும். இரண்டு கைகளையும் விரித்த நீளம் கிட்டத்தட்ட உங்கள் உயரம். ஒன்றரை மீட்டரைப் பழக இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் பார்க்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்ஏ (1979) யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. சிறிய உடலில் எஃப் 2.8 லென்ஸ், துவாரத்தை நாமே வைக்கும் வசதி என்று அதன் அளவில் அது ஒரு சாதனை. பழைய பிரதிகளில் ஃபோகஸ் பார்க்கும் மஞ்சள் புள்ளி மங்கிப்போயிருக்கும். வாங்கும் முன் வெயிலில் இல்லாமல் அறைக்குள் பாருங்கள்; அங்கே புள்ளி தெரிந்தால்தான் அது பயன்படும்.

வீட்டில் யாஷிகா எம்எஃப்-2 இருக்கிறது. இன்னொரு வீட்டில் கோடாக் கேபி10. பயன்படுமா?

தாராளமாக. தமிழ்நாட்டு வீட்டுப் படங்களிலும் சுற்றுலாப் படங்களிலும் பல இவற்றில் எடுத்தவைதான். ஃபோகஸ் திருப்ப வேண்டாத வகை என்பதால் ஒன்றரை மீட்டருக்கு உள்ளே போகாதீர்கள். ஃபிளாஷ் எட்டும் தூரம் ஐஎஸ்ஓ 100-இல் சுமார் மூன்று மீட்டர், 400-இல் அதைப்போல் இரு மடங்கு. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மணமேடைக்கு ஃபிளாஷ் அடித்து ஒரு பயனும் இல்லை.

பேட்டரி அறையைத் திறந்தால் வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். ஸ்பிரிங் அரித்துத் துண்டாகியிருந்தால் மட்டும் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.

அதே அலமாரியில் அக்ஃபா க்ளிக் 3 கிடைத்தால் அது வேறு வகை. 120 ரோல் போடும் கேமரா, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அழகானது, ஆனால் இந்தப் பக்கத்தின் வேலைக்கு உதவாது.

பேட்டரி எங்கே சிக்கலாகும்?

ஏஏ எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எக்ஸ்ஏ, எக்ஸ்ஏ2 இரண்டுக்கும் எல்ஆர்44 பட்டன் செல் இரண்டு. கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடைகளில் கிடைக்கும். அதே அளவில் எஸ்ஆர்44 என்ற சில்வர் ஆக்ஸைடு வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். தீரும்வரை வோல்டேஜ் இறங்காது, மீட்டர் தடுமாறாது.

மியூ-2 கேட்பது சிஆர்123ஏ, பென்டாக்ஸ் 17 கேட்பது சிஆர்2. இரண்டுமே லித்தியம், மூலைக்கடையில் இருக்காது. பையில் ஒன்று உபரியாக இல்லாமல் வெளியூர் போகாதீர்கள்.

1960, 70-களின் கேமராக்களான ரோலை 35, கேனானெட் இரண்டும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தவை. அது இன்று தயாரிப்பில் இல்லை. அதே அளவில் வரும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தப்புக் காட்டும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையம் சுற்றிப் பொருத்தினால் சரியாக உட்காரும். சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. ரோலை 35-இல் பேட்டரி மீட்டருக்கு மட்டுமே. செல் இல்லாமலும் ஷட்டர் ஓடும்.

ட்ரிப் 35-க்கு பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுக்கிறது.

ஒரு மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் எந்த கேமராவானாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இங்கத்திய சூட்டில் ஆல்கலைன் செல் சீக்கிரமே கசியும்.

பழைய கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்?

புது பேட்டரி ஒரு செட், வீணாகிப்போன ஒரு ரோல், டார்ச் உள்ள செல்போன் மூன்றையும் எடுத்துப் போங்கள். விற்பவர் “பேட்டரி போட்டால் ஓடும்” என்றால் உங்கள் பேட்டரியை நீட்டுங்கள்.

முதலில் பின்கதவைத் திறந்து, ஓரங்களிலுள்ள கறுப்பு நுரையைப் பல்குச்சியால் தொடுங்கள். தாரைப்போல் ஒட்டினால் நுரை மக்கிவிட்டது, ஒளி கசியும். அதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பின்கதவு திறந்தபடியே கேமராவை ஜன்னலை நோக்கிப் பிடித்து ஷட்டரை அழுத்துங்கள். வட்டமான ஒளிப்பொட்டு ஒருமுறை மின்ன வேண்டும். எக்ஸ்ஏ என்றால் துவாரத்தை 2.8-இல் வைத்து வெளிச்சத்தில் ஒருமுறை, 22-இல் வைத்து நிழலில் ஒருமுறை. இரண்டாவதில் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் மீட்டர் வேலை செய்யவில்லை.

ட்ரிப் 35-க்குத் தனிச் சோதனை உண்டு. வளையத்தை ‘ஏ’யில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தினால் ஷட்டர் விழ வேண்டும். லென்ஸை உள்ளங்கையால் முழுக்க மூடி அழுத்தினால் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் சாளரம்) சிவப்புத் துண்டு எழும்பி, ஷட்டர் விழாமல் தடுக்க வேண்டும். மூடியபோதும் விழுந்தாலோ, வெயிலிலேயே சிவப்பு எழும்பினாலோ வாங்காதீர்கள்.

நிக்கான் எல்35ஏஎஃப்பில் பட்டனைப் பாதி அழுத்தினால் வ்யூஃபைண்டருக்குள் ஒரு முள் தூரத்தைக் காட்டும். பக்கத்துச் சுவர், எதிர்க்கட்டடம் இரண்டையும் பாருங்கள், முள் இடம் மாற வேண்டும். இதே மாடலில் பேட்டரி மூடியின் கொக்கி உடைந்திருப்பது வழக்கம். ரப்பர் பேண்ட் போட்டு விற்பார்கள்.

லென்ஸுக்குள் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி நான்கைந்து பொட்டு இருந்தால் படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிய பீரோவுக்குள் இருந்த கேமராக்களுக்கு இது சகஜம். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தைப் பாதிக்காது, ஆனால் நாளுக்கு நாள் வளரும்.

கடைசியாக வீண் ரோலைப் போட்டு ஐந்தாறு படம் நகர்த்தி, திரும்பச் சுற்றியும் பாருங்கள். மோட்டார் உள்ள கேமராவில் நடுவில் முனகி நின்றால் பற்சக்கரம் தேய்ந்திருக்கும். ஃபிளாஷ் சார்ஜ் ஏறப் புது பேட்டரியிலும் பதினைந்து வினாடிக்கு மேல் ஆனால் அதன் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: ஃபிளாஷ் உள்ள கேமராவை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் வரை நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கும்.

மக்கிப்போன நுரையை வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம், ஒரு மணி நேர வேலை. மரப் பல்குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, 1.5 முதல் 2 மி.மீ. தடிப்புள்ள பசை தடவிய கறுப்பு நுரைத் தாள் இருந்தால் போதும். கேமராவின் வாய் கீழே பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு பழைய நுரையைச் சுரண்டுங்கள். மேலே பார்த்திருந்தால் பிசுக்குத் துகள் ஷட்டர் இதழில் விழுந்து ஒட்டிவிடும். பள்ளத்தில் மிச்சமிருக்கும் கறையை ஆல்கஹாலில் துடைத்து முழுக்கக் காயவிட்ட பிறகே புதிதை ஒட்ட வேண்டும். கதவின் மேல்-கீழ்ப் பள்ளம் மிகக் குறுகலாக இருந்தால் நுரைக்குப் பதில் கறுப்பு உல்லன் நூலை அழுத்திப் பதியுங்கள். நூல் மக்காது. கீல் பக்கத்துக்கு மட்டும் நுரைதான் வேண்டும். புதிது தடிப்பாகிக் கதவு மூடவில்லை என்றால் அழுத்தி மூடாதீர்கள், கொக்கி உடையும். மெல்லிய தாளுக்கு மாறுங்கள்.

எந்த ரோல் போடுவது? டப்பாவில் வெள்ளி, கறுப்புக் கட்டங்கள் எதற்கு?

தொடக்கத்துக்குப் பகலில் கோடாக் கோல்டு 200 அல்லது கலர்ப்ளஸ் 200. மாலையும் இரவும் என்றால் அல்ட்ராமேக்ஸ் 400. கறுப்பு-வெள்ளையில் இல்ஃபோர்ட் எச்பி5 ப்ளஸ், அல்லது கென்ட்மியர் 400.

அந்தக் கட்டங்களுக்கு டிஎக்ஸ் குறியீடு என்று பெயர். கேமராவுக்குள் இருக்கும் ஊசிகள் அதைத் தொட்டு ஐஎஸ்ஓவைத் தெரிந்துகொள்கின்றன. மியூ-2 போன்ற கேமராக்களில் ஐஎஸ்ஓவைக் கையால் வைக்க வழியே இல்லை. குறியீடு இல்லாத டப்பாவைப் போட்டால் அது 100 என்றே எடுத்துக்கொள்ளும்.

இது ஏன் முக்கியம் என்றால், சினிமா ஃபிலிமை வெட்டிச் சாதாரண டப்பாவில் அடைத்து மலிவாக விற்பவர்கள் பலர். அவற்றில் பெரும்பாலும் குறியீடு இருக்காது. 500 வேக ஃபிலிமை மியூ-2-இல் போட்டால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் ஒளி கூடிவிடும். பழைய 400 டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக் கட்டம் இருக்கும் இடங்களில் மட்டும் அலுமினிய டேப்பை அதே போல் வெட்டி ஒட்டினால் கேமரா 400 என்று படிக்கும். எக்ஸ்ஏ, ட்ரிப், எல்35ஏஎஃப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எண்ணைத் திருப்பினால் முடிந்தது.

இன்னொன்று: சினிமா ஃபிலிமின் பின்புறம் ரெம்ஜெட் என்ற கறுப்புப் பூச்சு இருந்தால் அதைச் சாதாரண சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் முறை) மெஷினில் விடக்கூடாது. பூச்சு கரைந்து ரசாயனம் மொத்தத்தையும் கெடுத்து, உங்களுக்குப் பின்னால் வரும் அத்தனை பேர் ரோலையும் வீணாக்கும். கொடுக்கும்போதே இன்ன ஃபிலிம் என்று எழுதிக் கொடுங்கள்.

உதகை இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல்கள் இன்னும் பழைய ஸ்டுடியோக்களில் கிடைப்பதுண்டு. காலாவதியாகிப் பல வருடம் ஆனவை. ஆசைக்கு ஒன்று எடுக்கலாம், முக்கியமான நாளுக்கு வேண்டாம்.

சித்திரை வெயிலில் ரோலை எங்கே வைப்பது?

பைக் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள். மே மாத மதியம் மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். சூடுபட்ட கலர் ரோலில் நிழல்கள் ஒரு நிறம் ஏறிச் சாயம்போனது போல் வரும், எந்த ஸ்கேனராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பிரிக்காத ரோல் ஃபிரிட்ஜில் இருக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். உடனே திறந்தால் ஈரக்காற்று ஃபிலிமில் வேர்த்து நிற்கும். எடுத்து முடித்த ரோல்தான் இன்னும் சீக்கிரம் கெடும், ஆகவே அதைக் கழுவத் தள்ளிப்போடாதீர்கள். விமானத்தில் போகும்போது பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு எடுத்துப்போய், எக்ஸ்-ரேயில் விடாமல் கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

ஒரு ரோலில் 72 படம் வரும் கேமரா லாபமா?

அரைச் சட்டகக் கேமராக்கள் (ஒரு படத்தின் இடத்தில் இரண்டு எடுப்பவை) அப்படித்தான்: ஒலிம்பஸ் பென் ஈஈ-3, எக்டார் எச்35, 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17. படத்துக்கு ஆகும் செலவு பாதியாகும். சின்னப் பிரிண்டுக்கும் செல்போன் திரைக்கும் போதும். பெரிதாக்கினால் குருணை தெரியும். நேராகப் பிடித்தால் படம் நெட்டையாக வரும் என்பதைப் பழக வேண்டும். ஸ்கேன் கட்டணத்தை முன்பே கேளுங்கள், சில இடங்களில் 72 படத்துக்கும் தனித்தனியே வாங்குவார்கள். 72 படம் தீர மாதக்கணக்கில் ஆகி, ரோல் சூட்டில் கிடப்பதும் ஒரு குறை. நிறைய எடுப்பவருக்கே இது பொருந்தும்.

ஜூம் உள்ளதை வாங்கினால் என்ன?

தொலைவு முனையில் எஃப் 10, 11 என்று சுருங்கிவிடும், மேலே சொன்ன கணக்குப்படி இரவில் உதவாது. லென்ஸ் குழாய் உள்ளே-வெளியே போகும்போது மடங்கும் தகட்டு வயர்தான் முதலில் அறுந்துபோகும் பாகம். ஆனால் தை மாத வெயிலில் அலங்காநல்லூர் கேலரியில் உட்கார்ந்து ஜல்லிக்கட்டு எடுப்பவருக்கு 115 மி.மீ. முனையும் ஐஎஸ்ஓ 400-உம் எஃப் 10-இல் 1/1000 தரும் அளவு வெளிச்சத்தில் நன்றாகவே வேலை செய்யும். அந்த ஒரு வேலைக்கு மலிவான ஜூம் கேமரா ஒன்று சரியான தேர்வு.

கான்டாக்ஸ் டி2, யாஷிகா டி4 எல்லாம் அவ்வளவு விலை பெறுமா?

லென்ஸ்கள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் இரண்டும் 1990-இல் வந்த மின்னணு கேமராக்கள். உள்ளே சர்க்யூட் போனால் உதிரிபாகத்துக்கு இன்னொரு செத்த கேமராவைத்தான் தேட வேண்டும். தினமும் பேருந்திலும் மழையிலும் போகிற பொருளில் அவ்வளவு பணத்தை முடக்க நாங்கள் சொல்ல மாட்டோம். விலை வித்தியாசத்தில் ஒரு வருடத்துக்கு ரோல் வாங்கலாம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கொண்டுபோகலாமா? திருவிழாவில்?

கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனுக்கும் தடை வந்துவிட்டது. வாசலில் பொருள் பாதுகாக்கும் இடத்தில் ஒப்படையுங்கள், வண்டிப் பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான்கு கோபுரத்தையும் வெளியே சித்திரை வீதிகளிலிருந்து எடுக்கலாம்; அருகில் நின்றால் 35 மி.மீ.க்குள் அடங்காது, பின்வாங்க வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் துருத்தியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. மியூ-2 தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும்படி செய்தது, ஆனால் இத்தனை வருடத்தில் அதன் ரப்பர் எந்த நிலையில் இருக்கிறதோ. எதுவானாலும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொள்ளுங்கள். மியூ-2 ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபிளாஷைத் தானியங்கிக்கு மாற்றிவிடும். விடியற்காலைக் கூட்டத்தில் வேண்டாம் என்றால் திறந்தவுடன் அணைக்க வேண்டும்.

ரோலை எங்கே கழுவுவது?

கலர் ரோலை சி-41 முறையில் தொடர்ந்து கழுவும் லேபுக்கு அனுப்புங்கள், அது உள்ளூரோ கூரியரில் வெளியூரோ. “வாரத்துக்கு எத்தனை ரோல் கழுவுகிறீர்கள்” என்று கேட்டால் போதும். எப்போதாவது ஒன்று கழுவும் இடத்தில் ரசாயனம் பழசாகியிருக்கும். படங்கள் சோகை பிடித்து வரும். நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், தண்ணீர்ச் சூடுதான் இங்கே பிரச்சினை. எச்பி5 ப்ளஸை, டி-76 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து, 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரி என்றால் ஏறத்தாழ ஏழரை. கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் 35-க்கு மேலேயே வரும். அதில் கழுவினால் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய், சீராக வராது. குடிநீர் கேனைப் பயன்படுத்தி, ஐஸ் போட்ட வாளிக்குள் பாட்டில்களை வைத்து 22, 24-க்குக் கொண்டுவாருங்கள். கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.

வாங்கியாகிவிட்டது. முதல் ரோலை எப்படி எடுப்பது?

ஐஎஸ்ஓ 200, 36 படம். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கடைப் பெயர்ப்பலகையை 1, 1.5, 3 மீட்டரிலும் தூரத்திலிருந்தும் எடுங்கள். எந்த இடத்தில் எழுத்து கூர்மை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்புறம் வெயில், நிழல், டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு மீட்டரில் ஃபிளாஷோடு. ரோல் பாதியில் இருக்கும்போது கேமராவை மூடிய நிலையில் வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், ஒளி கசிந்தால் அடுத்த படத்தில் காட்டிக்கொடுக்கும்.

நெகட்டிவ் வந்ததும் நோட்டோடு ஒப்பிடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே ஓரத்தில் ஆரஞ்சுக் கீற்று இருந்தால் அந்தப் பக்கத்து நுரை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபிலிம் நகர்த்தும் பகுதி. எல்லாமே மெலிந்து, கண்ணாடி போல் தெளிவாக இருந்தால் மீட்டர் ஒளியைக் குறைக்கிறது. ஐஎஸ்ஓவைக் கையால் வைக்கும் கேமராவில் அடுத்த ரோலுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து, 200-க்கு 100 என்று வைத்துவிடலாம்.